பக்கவாட்டில் இரண்டு சென்சார்

விரிப்பின் சுருக்கத்தைக் கடைசியாக ஒருமுறை இழுத்துவிட்டு பஸ் ஓட்டுநர் நிமிர்ந்தபோது, அவர் மனைவி வேலை பார்த்த ஆலையின் மேலாளர் கூடத்துக்குள் வந்துவிட்டார். பின்னாலேயே ஆலை ஆட்கள் பத்துப் பேர். ஓட்டுநர் மனைவியின் தலைமாட்டுக்கு ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார். ஆறு மாத நோய்க்குப் பிறகு அன்று காலையில்தான் அவள் கண்ணை மூடியிருந்தாள். பழரச ஆலையின் கருவிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள்.

மேலாளர், கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடு என்றால் பிணமாகவும் இருக்க நினைக்கிற ரகம். உட்கார்ந்த கையோடு சொந்தக்காரர்களிடம் ஆலைப் பெருமையை ஆரம்பித்தார். ஒரு சொட்டுக்கூட வெளியே எடுக்காமல், குழாயில் ஓடுகிற பழரசத்தில் சர்க்கரை எவ்வளவு என்று குழாயில் பொருத்திய இரண்டு சென்சாருக்கு நடுவே காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பியே அளக்கிறார்களாம். சர்க்கரை கூடினால் ஒலி வேகமாகப் போகுமாம். எல்லாம் தானும் தன் குழுவும் யோசித்துச் செய்ததாம். இந்த அம்மாவும் கூடமாட ஒத்தாசையாக இருந்தார்களாம்.

ஓட்டுநருக்குச் சுருக்கென்றது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கிய மனிதர். அவள் இருந்திருந்தால், "விடுங்க, ரீடிங் சரியா வருதுல்ல" என்று சிரித்திருப்பாள். அப்படி விட்டு விட்டுத்தான் இத்தனை வருடம் போயிற்று. இன்றும் விட்டால் அவள் ஒத்தாசைக்காரியாகவே போய்ச் சேருவாள்.

"சார், அந்த ரெண்டு சென்சாரும் குழாய்க்கு மேலயும் கீழயும் இல்லாம, ரெண்டு பக்கவாட்டுல ஏன் இருக்கு?"

மேலாளர் குழுவைப் பார்த்தார். குழு தரையைப் பார்த்தது.

"மொதல்ல மேலயும் கீழயும்தான் வச்சிருந்தீங்க. பம்ப் ஓடும்போதெல்லாம் ரீடிங் தாறுமாறா குதிச்சுது. உதவாத கருவி, கழட்டுன்னு சொல்லிட்டீங்க. இவ அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா." அவர் ஒரு கையைக் குழாய்போல் கிடையாக நீட்டிக் காட்டினார். "கண்ணாடிக் குழாயைப் படுக்க வச்சு சர்க்கரைத் தண்ணி விட்டோம். நான்தான் பிடிச்சுக்கிட்டேன். இவ தரையில படுத்துப் பார்த்தா. பம்ப் ஓடும்போது வர்ற காத்துக் குமிழியெல்லாம் மேல போய் ஒட்டிக்குது, ஒலி அதைத் தாண்டி வரமாட்டேங்குதுன்னு சொன்னா. பக்கவாட்டுல வச்சா குமிழி குறுக்க வராது. அவ்வளவுதான் சார். அந்த அவ்வளவுக்கு எட்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு."

வாசலோரம் நின்ற இயந்திரப் பிரிவுப் பெண் சொன்னாள்: "ஆமா. அக்காதான் ஸ்பேனர் பிடிச்சு மாத்தி வச்சாங்க. நான் டார்ச் அடிச்சேன்."

மனைவியைப் பற்றி இத்தனை பேர் முன்னால் ஓட்டுநர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

அந்தக் கருவியைப் பார்க்க அடுத்த வாரம் வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார் மேலாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வந்து சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு நான் மதியம்தான் பஸ் எடுக்கணும். காலையில வரேன்."

குழுவில் ஒருவர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குழாய் எவ்வளவு அகலம் என்று கேட்டார்.

"ரெண்டு அங்குலம்" என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டு, சரிதானே என்று பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினார்.