பசலை என்று நினைத்தேன்

என்னை நினைத்து ஒரு பெண் பசலை பூத்துவிட்டாள் என்று நம்பி, மாசி மாதம் முழுக்க நான் கால் தரையில் பாவாமல் திரிந்தேன். சங்கப் பாட்டில் வரும் தலைவன் எவனுக்கும் வாய்க்காத பேறு அது. அவன் பொருள் தேடப் போய்விடுவான். வீட்டில் தலைவியின் மேனி மஞ்சள் பூத்து வாடுவதைத் தோழி சொல்லித்தான் தெரிந்துகொள்வான். எனக்கு வீடியோ கால் இருந்தது.

நான் நவநீதன், ஏரியூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். தையில் எனக்கு நிச்சயமான கலைமதிக்கு மொரப்பூர் அருகே ஊர். மஞ்சள் பயிரிடுகிற குடும்பம். பங்குனிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

நிச்சயத்தன்று மாநிறமாக இருந்தவள், ஒரு நாள் போனில் முகம் காட்டியபோது மஞ்சள் சாயலாகத் தெரிந்தாள்.

"சாப்ட்டியா மதி?"

"சோத்தப் பார்த்தாலே ஒப்பலீங்க."

"தூங்கினியா?"

"எங்கீங்க? ராத்திரி பூரா ஒடம்பு நமநமங்குது. வளையல் வேற கழண்டு கழண்டு வுழுது."

ஊண் இல்லை, உறக்கம் இல்லை, வளையும் நெகிழ்கிறது! பாடமாக நடத்தியதெல்லாம் உயிரோடு எதிரே உட்கார்ந்து பேசினால் ஒரு தமிழாசிரியன் என்னதான் செய்வான்? எனக்கு உள்ளங்கால் வரை கூசியது.

"நெறமே மாறிடுச்சு மதி. அழகா இருக்குது. இப்படியே இரு" என்றேன். அவள் வெட்கப்பட்டுப் போனை வைத்துவிட்டாள். மறுநாள் பிளஸ் டூ வகுப்பில் பசலையை நான் நடத்திய விதத்தில், கடைசி பெஞ்சு கூடத் தூங்கவில்லை.

கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்கும் சாக்கில் நேரிலேயே போனேன். களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. களம் மஞ்சள், கிளறுகிறவர்களின் கைகால் மஞ்சள், குறுக்கே ஓடிய கோழியும் மஞ்சள். அந்த வீட்டில் ஒருத்தி மஞ்சளாக இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? மதியின் அம்மா காசியம்மாள் பூரித்துப்போய், "கல்யாணக் களை வந்துடுச்சு மாப்ள, பார்த்தீங்களா?" என்றார். களைப்பைத்தான் அத்தை களை என்கிறார் என்பது எனக்கும் உறைக்கவில்லை.

மதி காப்பி கொண்டுவந்தாள். அத்தை நாகரிகமாக நகர்ந்துகொண்டார்.

"மதி, உனக்குப் பசலை வந்துருக்குது, தெரியுமா?"

"பசலைக் கீரைங்களா? நான் அதத் தொடறதே இல்லீங்களே."

விளக்கினேன். இரண்டு உவமைகளும் சேர்த்தேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கும் சோறு எறங்காதுங்களா?"

"எறங்காது."

"தூக்கம் வராது, வளையல் கழண்டுக்கும்?"

"ஆமா!"

சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப ஒண்ணுக்கு... கடுங்காப்பி மாதிரி போகுங்களா?"

இரண்டாயிரம் வருஷத் தமிழில் இந்தக் கேள்வி எங்கும் இல்லை. எந்தத் தலைவியும் அதைச் சொன்னதில்லை. எந்தத் தோழியும் கேட்டதில்லை. முதல்முறையாக, போனில் இல்லாமல் வெயிலில், அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அத்தை ஓடிவந்தார். "பத்திரிகை அடிச்ச பொறவு பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா ஊரு என்னா பேசும் மாப்ள? கீழாநெல்லி அரைச்சித் தர்றேன்."

"ஊரு பேசட்டுங்க அத்தை. நமக்குப் பொண்ணு வேணும்."

மஞ்சள் மூட்டை ஏற்ற வந்திருந்த வண்டியில், மூட்டையோடு மூட்டையாக மூவரும் தருமபுரி போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் தெரசா ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, "என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"மருந்து ஒண்ணும் இல்லீங்க மேடம். மஞ்சள்தான்" என்று மதி கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மேனி பொன்போல் மின்ன மஞ்சள் கேப்சூல். போனில் ஆர்டர் போட்டு வாங்கியிருக்கிறாள்.

அத்தைக்குக் காமாலையை விட இதுதான் தாங்கவில்லை. "அடிப்பாவி! களம் பூரா மஞ்சள் கொட்டிக் கெடக்குது, நீ காசு குடுத்து டப்பால வாங்கித் தின்னயா?"

"கொழம்புல போடற மஞ்சள் ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார் டாக்டர். "இது அதோட சாரம், கெட்டியா. ஒடம்புல நல்லா ஏறணும்னு மிளகுச் சாரமும் சேர்த்துருக்காங்க. சிலரோட ஈரலுக்கு இது ஒத்துக்காது. வேற ஏதாவது?"

"தலவலிக்குக் காய்ச்ச மாத்திரைங்க. வலிக்கறப்பல்லாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதையும் அளவில்லாம போட்டா ஈரலுக்குத்தான் கேடு. கேப்சூல் தெனம் எத்தனை?"

"மொதல்ல ஒண்ணுதாங்க." மதி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். "இவங்கதான் நெறம் அழகா இருக்குது, இப்படியே இருன்னாங்க. அதான் ரெண்டாக்கிட்டேன்."

டாக்டரும் அத்தையும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். தலைவன் பிரிந்தால்தான் பசலை வரும் என்பார்கள். நான் போனில் புகழ்ந்தே வரவழைத்திருக்கிறேன்.

ரத்தத்தில் காமாலைக் கிருமி எதுவும் தெரியவில்லை. டப்பாவின் மேலும் மாத்திரையின் மேலும்தான் டாக்டருக்குச் சந்தேகம். இரண்டையும் உடனே நிறுத்தச் சொல்லி, மதியைப் படுக்கையில் சேர்த்தார். "இன்னும் விட்டிருந்தா ஈரல் மொத்தமா கைவிட்டுருக்கும்" என்றார். "கீழாநெல்லி?" என்று அத்தை இழுத்தார். "இப்ப எதுவும் வேணாம்மா. என்ன முழுங்கினாலும் ஈரல்தான் வேலை பார்க்கணும். அதுக்குக் கொஞ்ச நாள் லீவு விடுங்க."

வராந்தாவில் நின்று நான் அழுதேன். அவள் பிழைத்தால் போதும், இனி என் வாயால் எந்த நிறத்தையும் புகழ மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. மதி வீட்டுக்கு வந்தாள். எங்கள் பேச்சும் ரத்தத்தில் காமாலையின் அளவைப் பற்றியதாக மாறிவிட்டது. "பிலிரூபின் எப்படி?" "எறங்கிடுச்சுங்க!" "இன்னும் கொஞ்சம் எறங்கணும் கண்ணு." காதலர்கள் இப்படிக் கொஞ்சி நான் எங்கும் படித்ததில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு போட்டோ அனுப்பினாள். முகம் இல்லை, விரலால் இமையை இழுத்துப் பிடித்த ஒற்றைக் கண். கூடவே அவள் குரல்: "சார், பசலை போயிடுச்சுங்க. சோறு எறங்குது, நல்லாத் தூங்கறேன், வளையல் கழட்டவே வரல. அப்ப உங்க பாடத்துப்படி நான் உங்கள நெனைக்கறதே இல்லைன்னுதான அர்த்தம்?"

கயல் என்றும் குவளை என்றும் கண்ணைப் பாடித் தீர்த்த தமிழில், வெள்ளை விழியின் வெண்மையை யாரும் பாடி நான் பார்த்ததில்லை. தும்பைப்பூவாக இருந்தது. லீவிலும் பிளஸ் டூ ரிசல்ட்டுக்காகப் போயிருந்த ஸ்டாஃப் ரூம் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"நெனைக்காட்டி போகுது மதி" என்று அனுப்பினேன். "இப்படியே இரு."

உடனே பதில் வந்தது.

"இதுக்கு மாத்திரை ஒண்ணும் வேண்டாந்தானுங்களே?"