ரோஜா மணக்கும் சட்டை

ஆபீஸ் வேலை போனதை மனைவியிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. காலையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் கிளம்பிப் போய், பெட்ரோல் பங்கில் டீசல் போடும் வேலைக்கு நின்றுகொண்டிருந்தான். உண்மையையாவது மென்று விழுங்கிவிடலாம். டீசல் நாற்றம் அப்படியா? ஆளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று ஒரு லாரியின் டேங்க் நிரம்பி வழிந்ததில் சட்டை தொப்பலாக நனைந்தது. பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்தான்; தேய்த்தால் கறை பரவும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி ஊறவைத்தான். சோடா மாவு கரைத்த தண்ணீரில் முக்கி அலசினான். காற்றில் உலர்த்தினான். அதோடு விட்டிருக்கலாம். மனம் கேட்காமல் ரோஜா சோப்புப் போட்டு மறுபடியும் சட்டையைத் துவைத்து, தானும் காதுமடல் வரை தேய்த்துக் குளித்தான்.

"வீட்டுக்குப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியாடா?" என்றான் 'பைப்பு'. பக்கத்து பம்பில் நிற்கும் கூட்டாளி.

கதவைத் திறந்த மனைவி அவன் தோளருகே முகர்ந்தாள்.

"ஏங்க, காலைல நான் இஸ்திரி போட்டுக் குடுத்த சட்டை. இப்ப யாரோ துவைச்சிருக்காங்க."

"யாரும் இல்லம்மா..."

"நம்ம வீட்டுல ஏது ரோஜா சோப்பு? யாருங்க அவ?"

தலைக்கு மேல் வெள்ளம். வேலை போனது, பங்கில் சேர்ந்தது, குழாயடிச் சலவை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"புளுகுறதுன்னு ஆச்சு, கொஞ்சம் பொருத்தமா புளுகக் கூடாதா? டீசல் போடுற ஆளு இப்படியா மணப்பான்?"

உள்ளங்கையை நீட்டினான். ரோஜா. விரலிடுக்கைக் காட்டினான். அங்கேயும் ரோஜா. அவன் கைராசி அப்படி.

"நாளைக்குத் துவைக்காம, குளிக்காம வாங்க. டீசல் வாசம் வந்தா நம்புறேன். வரலைன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

மறுநாள் பார்த்து முதலாளி அவனை டயருக்குக் காற்றடிக்கும் பக்கம் மாற்றிவிட்டார். காற்றுக்கு ஏது வாசம்? பொழுது சாயும்போது அவன் பைப்பிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"கொஞ்சம் டீசல் ஊத்துடா என் மேல."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"குடும்ப விஷயம்டா. ஊத்து."

பைப்பு தலையில் அடித்துக்கொண்டு, குழாய் முனையில் தங்கிய சொட்டுகளை அவன் சட்டையில் உதறினான்.

"தோள்பட்டையில இன்னும் கொஞ்சம்டா," என்றான் அவன். "அங்கதான் அவ மோந்து பார்ப்பா."