கோவிலிலிருந்து வந்த நாற்பத்தொரு புகார்கள்

சாமி தலையில் ஏறிக் குதிப்பதற்கு அவனுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். கணினி விளையாட்டு தயாரிக்கும் அலுவலகத்தில் அவன் சோதனைக்காரன். மற்றவர்கள் மலை கட்டுவார்கள், கோட்டை கட்டுவார்கள். இவன் போய் ஒவ்வொரு சுவரிலும் இருநூறு தடவை முட்டிப் பார்ப்பான், எங்கேயாவது ஆள் சுவருக்குள் புகுந்துவிடுகிறானா என்று. பூதக்கண்ணாடி என்று அவனுக்குப் பட்டப்பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள், அவனுக்கும் உள்ளூர அதில் பெருமைதான். வெளியாட்கள் விளையாடிப் பார்த்துவிட்டு அனுப்பும் புகார்களைப் பார்த்து முடித்துவைப்பதும் அவன் பொறுப்பு. தன் கண்ணால் பார்க்காமல் ஒரு புகாரையும் மூடமாட்டான். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

மாய உலக விளையாட்டுகளில் கோவில் என்றால் என்ன என்று அவனைக் கேட்டால் ஆஸ்பத்திரி என்பான். அடிபட்ட வீரன் உள்ளே வருவான், உண்டியலில் காசு போடுவான், உடம்பு சரியாகிவிடும், சாமியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவான். பூசாரி இருந்தால் அவன் கண்டிப்பாக அயோக்கியன். மூன்றாம் கட்டத்தில் பீடத்துக்கு அடியிலிருந்து எதையாவது எழுப்பிவிடுவான். சிலை இருந்தால் அதன் கண்ணில் ரத்தினம் இருக்கும், பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கோவில்களில் முட்டியிருக்கிறான், ஒன்றில்கூட ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்து அவன் பார்த்ததில்லை.

இந்த விளையாட்டில்தான் வந்தது வம்பு. இதில் கோவிலை வரைந்த பெண்ணை எல்லோரும் கோவில்காரி என்றே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரி, அதைவிடப் பிடிவாதக்காரி. அவள் கட்டிய கோவிலில் உண்டியல் இல்லை, ரத்தினம் இல்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் தெய்வம், எதிரே ஒரு கல் பெஞ்சு, வெளியே மழைச் சத்தம். அவ்வளவுதான்.

"சாமி என்ன தரும்?" என்று மேலாளர் கேட்டார்.

"ஒண்ணும் தராது சார்."

"அப்புறம் எதுக்கும்மா ஒருத்தன் உள்ளே போகணும்?"

"தோணினா போகட்டும் சார்."

மேலாளர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெளியாட்கள் விளையாடிப் பார்க்கட்டும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்யலாம், இல்லையென்றால் அந்த இடத்தில் மருந்துக்கடை என்று சொல்லிவிட்டார்.

அந்த வெளியாட்கள் இருநூறு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பதினேழாம் எண் அவனுடைய தங்கச்சி. சின்ன வயதில் இருவரும் ஒரே விளையாட்டுப் பெட்டிக்காக முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டவர்கள். அந்தப் பழக்கத்தில் அவனேதான் போன வருஷம் அவளைப் பட்டியலில் சேர்த்திருந்தான். ஆனால் எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் ஆகியும் அவள் இவனுக்குச் சொல்லவில்லை. அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றாராம். அவன் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை. மறுநாள் காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு அவள் அனுப்பிய ஒரு செய்தியையும் திறக்கவில்லை. பதினேழாம் எண்ணிலிருந்து புகார் எதுவும் அவன் கண்ணில் படவில்லை. விளையாட்டைத் தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தபோது வலித்தது, ஆனாலும் போன் செய்யவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

கோவிலுக்கு வருவோம். சோதனைப் பிரதியில் எந்தப் பொருளைப் பற்றியும் புகார் எழுத ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் எழுதும் பெட்டி திறக்கும். சாமியின் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், கோவில்காரி அந்தப் பெட்டியைச் சிலையிலேயே மாட்டிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து மூன்று விநாடி சாமியைப் பார்த்தால் போதும், தானாகத் திறக்கும். "சொல்ல நினைப்பதை எழுதவும்" என்று அதில் இருக்கும்.

வேறென்ன நடக்கும்? எழுதிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் கோவில் பகுதியில் நாற்பத்தொரு புகார்கள் நின்றன. மேலே இருந்ததைத் திறந்தான். "தாயே, மாடி வீட்டுக்காரன் டிரம்ஸ் கத்துக்கறான். அவனுக்கு நல்ல புத்தி குடு." அடுத்தது, "பையன் இந்தத் தடவையாவது கணக்குல பாஸாகணும்." சிரிப்பு வந்தது. மூன்றாவதையும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எங்கே போய் முட்டிப் பார்ப்பது என்று அலுத்துக்கொண்டான். மறுநாள் கூட்டத்துக்குள் பட்டியல் காலியாக இருக்க வேண்டும், பசி வேறு. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான். காரணம் கேட்டது. இருந்த நாலு காரணங்களில் "சரிசெய்யும் உத்தேசம் இல்லை" என்பதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் கோவில்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? மூடினா எழுதினவங்களுக்குத் தானா பதில் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னதே அவன்தான்.

"நாப்பத்தோரு பேருக்கும் போயிருக்கு. 'உங்கள் கோரிக்கையைப் பார்த்தோம். சரிசெய்யும் உத்தேசம் இல்லை.' கீழே உங்க முழுப்பேரு. ஒருத்தங்க திரும்ப எழுதியிருக்காங்க, பாருங்க. 'பரவாயில்ல தாயே, பதில் சொன்னதே பெருசு.' இந்தம்மா பேத்திக்குக் காய்ச்சல் குறையணும்னு வேண்டிக்கிட்டவங்க."

"நான் படிக்கல" என்றான்.

"நீங்களா படிக்கல?"

அவளும் அதற்கு மேல் திட்டவில்லை. தான் பெட்டியை அங்கே மாட்டியதும் தப்புதான் என்றாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்பு எழுதுவது என்று முடிவாயிற்று. முதல் இருபது அவனுக்கு, மீதி அவளுக்கு.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். காய்ச்சல், இடமாற்றம், வேலை. ஒருவன் காணாமல் போன பூனைக்காக வேண்டியிருந்தான். பெரிதாக யாரும் எதையும் கேட்டுவிடவில்லை. பதினான்காவதைத் திறந்தான். அனுப்பியவர், எண் பதினேழு.

"அண்ணனுக்கு என் மேல இருக்கற கோபம் போகணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்குக் கீழேயே போன பதில். கோரிக்கையைப் பார்த்தோம், சரிசெய்யும் உத்தேசம் இல்லை. அதற்கும் கீழே அவன் பெயர், இனிஷியலோடு. அந்த இனிஷியல் அப்பாவுடையது.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"நான்தான்" என்றான்.

"தெரியுது. பதில்லதான் பேர் போட்டிருந்தியே."

"அது உனக்குன்னு அனுப்பினதில்லம்மா. நாப்பத்தோரு பேருக்கும் ஒரே பதில் போயிடுச்சு. சத்தியமா நான் படிக்கவே இல்ல."

"எட்டு மாசமா படிக்காமதானே இருக்கே, அண்ணா."

கீழ்ப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஒன்பது நாளைச் சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் கோபப்பட்டிருந்தானே தவிர, அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"உன்கிட்ட சொல்லாதேன்னுதான் சொன்னாரு. அவனுக்கு வேலை நெருக்கடி, பயந்துடுவான்னு. அப்புறம் ஒன்பதாம் நாளு நினைவு தப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டாரு, அவன் வந்துட்டானான்னு. நான் வந்துக்கிட்டிருக்கான்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறம்தான் உனக்கு போன் பண்ணேன். நான் பண்ணது தப்புதான். ஆனா தனியா இருந்தேன், எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

அவன் அழுதான். நாற்பத்திரண்டு வயதில், அலுவலக மாடிப்படியில், சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். அவள் போனை வைக்காமல் இருந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் கணக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒன்றுமே தராத கோவிலில் ஆட்கள் சராசரியாக நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டிலேயே இவ்வளவு நேரம் ஒருத்தனும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பெட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள், பெஞ்சு இருக்கட்டும் என்றார். கோவில்காரி மேஜைக்கு அடியில் கையை முறுக்கிக்கொண்டாள், சந்தோஷத்தை அடக்கத்தான்.

"கோவில் பகுதியில ஒரு புகார் திறந்தே இருக்கே. என்ன அது? மறுபடி யார் திறந்தது?" என்று மேலாளர் கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் பூதக்கண்ணாடி.

"மூடிட வேண்டியதுதானே?"

"இல்ல சார். ஞாயித்துக்கிழமை நேர்ல போறேன். பார்த்துட்டு வந்துதான் மூடுவேன்."