முத்துத்தாய் தராசில் ஏறிய மூவர்

மாசி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, கருவக்காட்டுப்பட்டி முத்துத்தாயின் மேடைத் தராசில் மூன்று பேர் ஏறி நின்றார்கள். தராசு அறுபத்து மூன்று கிலோ காட்டியது. ஒருவர் இறங்கினார், அறுபத்து மூன்று. இன்னொருவரும் இறங்கினார், மிச்சம் நின்றவர் தனியாளாக அறுபத்து மூன்று. அன்றைக்குப் பருத்தி நல்ல வெடிப்பு, காற்று அறவே இல்லை, ரெட்டியபட்டியிலிருந்து வரும் முதல் ஷேர் ஆட்டோ இருபது நிமிடம் தாமதம். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

பருத்தி எடுக்க வந்தவர்கள் தராசில் ஏறுவானேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது முத்துத்தாய் வைத்த முறை. தலைச்சுமையை இறக்கி, நிறுத்து, மறுபடி தூக்கினால் கழுத்து போகும் என்பதால், எடுப்பாட்களைச் சுமையோடு அப்படியே மேடையில் ஏறச் சொல்வாள். முதல்நாள் காலை வெறும் ஆளாக ஏற்றி எடையைத் தராசுக் கம்பத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டால், சாயங்காலம் அதைக் கழித்தால் தீர்ந்தது. இதனால் சுற்றுப்பட்டி ஏழு ஊர்ப் பெண்களின் எடையும் அவளுக்குத் தெரியும். யார் உண்டாகியிருக்கிறாள் என்பது அவரவர் மாமியாருக்கு முந்தி முத்துத்தாய்க்குத் தெரிந்துவிடும். சொல்லமாட்டாள். அந்தத் தராசு கூட்டியும் காட்டாது, குறைத்தும் காட்டாது என்பதில் நாற்பது வருஷமாக யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவளுக்கும் அதே குணந்தான். நிறுத்துப் பார்க்காத எதையும் அவள் நம்பியதில்லை, புரியாததற்குத் தலையாட்டியதுமில்லை.

தலையாட்டியிருந்தால் அவள் காரியம் எப்போதோ முடிந்திருக்கும். அவள் புருஷன் பால்ச்சாமி சாவதற்கு ஆறு வருஷம் முன்னால் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவர். அவரை ஆலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், வேலியோரம் அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தைத்தான் முத்துத்தாய் கேட்டாள். முப்பத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவர்கள். மண்ணுக்குள்ளே மட்டும் ஏன் தனியாகப் படுக்க வேண்டும் என்பது அவள் நியாயம். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அங்கே இடம் என்பது சபையின் சட்டம். "அப்ப எனக்கும் குடுங்க ஐயா" என்று தவமணி போதகரிடம் போய் நின்றாள். வேதம் படிக்கச் சொன்னார், படித்தாள். ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னாள். இயேசுவை நம்புகிறாயா என்றார். அவர் கைக் காயத்தைப் பற்றிக் கேட்ட நாள்முதல் நம்புகிறேன் என்றாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்கள், ஆனால் ஒரே கடவுள் என்று விசுவாசிக்கிறாயா என்றார். அங்கேதான் வண்டி நின்றது.

"மூணு ஆளுன்னா மூணு எடை ஐயா. ஒரு எடைன்னா ஒரு ஆளு. இதுல எது?"

தவமணி போதகர் நல்ல மனுஷன். அடுத்த ஞாயிறு ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி கொண்டுவந்தார். ஐஸும் தண்ணீர்தான், ஆவியும் தண்ணீர்தான் என்று விளக்கினார். முத்துத்தாய் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐஸு உருகுன பெறகு ஐஸு எங்க? மகன் ஆத்துல முங்கி எந்திரிக்கையில அப்பா மேலருந்து பேசுனாகன்னு நீங்கதானே வாசிச்சீக? ஒருத்தர் கரைஞ்சு ஒருத்தர் ஆனா, யாரு யார்கிட்டப் பேசுனது?" என்றாள். அதற்கடுத்த ஞாயிறு வில்வ இலை வந்தது. காம்பு ஒன்று, இலை மூன்று. "ஒரு இலையைக் கிள்ளுனா மிச்சம் ரெண்டுதானே? அப்பக் கடவுள்ல மூணுல ஒரு பங்கா மகன்?" என்றாள். ஒரே மனுஷன் வீட்டில் அப்பா, கடையில் முதலாளி, தாயாருக்குப் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தார். "அது ஒரே ஆளு மூணு சட்டை மாத்துறது" என்று எழுந்துவிட்டாள். இப்படியே நாலு வருஷம் போயிற்று. போதகருக்கு முன்மயிர் உதிர்ந்தது. சபைச் செயலாளர் காதோடு காதாக, "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க பெரியம்மா, யாரு பாக்கப் போறா?" என்றதற்கு, "பொய் சொல்லி வாங்குன எடத்துல அவுகளுக்குப் பக்கத்துல எப்படிய்யா தூங்குவேன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த மார்கழியில் அவளுக்கு நெஞ்சு வலி கண்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, வெயிலில் நிற்கக் கூடாதென்றார்கள். மாசியில் பருத்தி வெடித்தது, போய் நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள் வேற்றாட்கள். ஒருவர் வயதானவர், ஆனால் முகத்தில் சுருக்கம் இல்லை. ஒருவர் இளவயது, தச்சு வேலை பார்த்த கை. மூன்றாவது ஆளைப் பற்றி ஊரில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஆண் என்பார்கள், பெண் என்பார்கள். அன்றைக்குக் கூடவே பருத்தி எடுத்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்த தங்கத்தாயைக் கேட்டால், "மூஞ்சி ஞாபகமில்ல, பக்கத்துல நின்னா வேர்வை காஞ்சு போகும்" என்பாள். எந்த ஊர் என்று முத்துத்தாய் கேட்டதற்குப் பெரியவர், "இந்தப் பக்கந்தாம்மா" என்றார். ஒவ்வொருவராக ஏறவேண்டும் என்பது தெரியாமல் மூன்று பேரும் சேர்ந்தே மேடையில் ஏறினார்கள். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

தராசு சிக்கிக்கொண்டதென்று நினைத்து முத்துத்தாய் கம்பத்தைத் தட்டினாள். எண்ணெய் விட்டாள். இருபது கிலோ படிக்கல்லை வைத்தாள், சரியாக இருபது. ஆட்டோக்காரன் காளீஸ்வரனை ஏற்றினாள், வழக்கமான ஐம்பத்தெட்டு. "பெரியம்மா, நானே சொல்லணும்னு நெனச்சேன். மூணு பேரு ஏறுனாக, வண்டி ஒருத்தர் ஏறுன மாதிரிதான் அமுங்குச்சு. டயருல காத்து கூடிப்போச்சோன்னு பாத்தேன்" என்றான் அவன். வரிசையில் நின்ற பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். தங்கத்தாய் வாய்விட்டே கேட்டாள். "ஏன் மதினி, மூணு பேரை ஒருத்தராக் காட்டுற தராசு, எங்க மூணு சுமைய ஒரு சுமையாக் காட்டாதுன்னு என்ன நிச்சயம்?" நாற்பது வருஷத்தில் அந்தத் தராசைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி. முத்துத்தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

காளீஸ்வரன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய், தராசு பழுது பார்க்கும் வெங்கடரமணனைக் கூட்டிவந்தான். நெசவாளர் தெருவில் நூல் எடை போடும் தராசில் தொடங்கி, லாரி எடைமேடை வரை கைவைத்தவர். மேடையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூவரையும் ஏறச் சொன்னார், அறுபத்து மூன்று. தானும் அவர்களோடு ஏறி நின்றார். நூற்று முப்பத்து நாலு. அவருடைய சொந்த எடை எழுபத்தொன்று. காகிதத்தில் இரண்டு தரம் கழித்துப் பார்த்தார். தங்கத்தாயையும் இன்னும் ரெண்டு பெண்களையும் ஏற்றினார். மூவர் எடையும் ஒழுங்காகக் கூடியது. பிறகு பையைக் கட்டிக்கொண்டு, வீட்டில் பேசுகிற தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ சொன்னார். முத்துத்தாயிடம் தமிழில், "தராசுல பழுதில்லைங்கம்மா. கூட்டல் வேற எல்லாருக்கும் சரியா வருது. இவுக மூணு பேருக்கு மட்டுந்தான் கூட்டல் செல்லல" என்றார். கூலி வாங்காமல் போனார். வெங்கடரமணன் கூலி வாங்காமல் போனதுதான் பெரிய அதிசயம் என்று டவுனில் சொல்கிறவர்களும் உண்டு.

பெண்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு நிரையில் இறங்கினார்கள். முத்துத்தாய்க்குத்தான் போதவில்லை. ஒரே ஆள் மூன்று சட்டையில் வந்திருக்கிறானா என்று பார்த்துவிடுவதென்று வரப்பில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அவர்கள் மூன்று நிரையில் தனித்தனியே எடுத்தார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலில் சந்தித்துக்கொண்டவர்கள் போல ஓயாமல் பேசிக்கொண்டார்கள். இளையவர் ஒரு சுளையை எடுத்துப் பெரியவருக்குக் காட்டுவார். அவர் அப்படியொரு பருத்தியையே பார்த்ததில்லை என்பதுபோல் சிரிப்பார். மூன்றாமவர் நடக்கும் நிரையில், காற்றில்லாத அந்த நேரத்தில், செடிகள் முன்கூட்டியே சாய்ந்து வழிவிட்டன. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இளையவரின் உள்ளங்கையில் கருவேல முள் ஏறியது. முத்துத்தாய் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் ஏற்கெனவே ஒரு பழைய வடு இருந்தது. ரத்தம் அவர் கையில் மட்டும்தான் வந்தது. மற்ற இருவர் கையிலும் கீறல்கூட இல்லை. ஆனால் ஆறு நிரை தள்ளி நின்ற பெரியவர் கூடையைப் போட்டுவிட்டுத் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாமவர் எப்படி வந்தாரென்று தெரியாது. ஏற்கெனவே பக்கத்தில் நின்று காயத்தில் ஊதிக்கொண்டிருந்தார்.

முத்துத்தாய் முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். வெடித்த பருத்தி நாலு பக்கமும் வெள்ளையாக நின்றது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மூன்று பேரும் கஞ்சி குடிக்க வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டம் முழுக்க மூடவில்லை. ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டிருந்தார்கள். வேறு யாரையோ எதிர்பார்க்கிறார்களாக்கும் என்று முத்துத்தாய் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. "வாம்மா" என்றார் பெரியவர். போய் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து வந்தபோது அவள் முகத்தைப் பார்த்த தங்கத்தாய், "மதினி, வெயிலு ஒத்துக்கிடலையா?" என்று கேட்டாள்.

சேதி கேட்டுத் தவமணி போதகர் சாயங்காலம் பைக்கில் வந்தார். மூன்று பேரும் சுமையோடு மேடையில் ஏறி நின்றிருந்தார்கள். பருத்தி மட்டும் கிலோ கிலோவாக ஒழுங்காகக் கூடியது. அதைக் கழித்தால் அறுபத்து மூன்று. போதகர் செருப்பைக் கழற்றினார். தராசைத் தட்டிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஐயோ, நான் ஐஸுன்னு சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். மறுபடி நிமிர்ந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது.

அடுத்த மாதமே ஆலயத்தில் முத்துத்தாயை முன்னால் நிறுத்தினார்கள். போதகர் அதே கேள்வியைக் கேட்டார். மூன்று ஆட்கள், ஒரே கடவுள், விசுவாசிக்கிறாயா? சபை முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"புரியல ஐயா" என்றாள் முத்துத்தாய். "ஆனா நிறுத்துட்டேன்."

செயலாளர் எழுந்து, புரியலேன்னா எப்படி ஐயா என்று ஆரம்பித்தார். "எனக்கும் அவ்வளவுதான் அண்ணாச்சி, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போதகர் அவள் தலையில் மூன்று கை தண்ணீர் வார்த்தார். பதினோரு வருஷமாகத் திரித்துவ ஞாயிறுதோறும் வாசித்துவந்த பிரசங்கக் காகிதத்தை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த ஞாயிறு வந்தால் பாட்டுப் பாடி அனுப்பிவிடுகிறார்; சபைக்கு அதில் மிகுந்த திருப்தி.

முத்துத்தாய் மேலும் இரண்டு வருஷம் பருத்தி எடுப்பு பார்த்தாள். மூன்றாம் வருஷம் மாசியில், தராசுப் பக்கத்திலேயே, சாக்பீஸைக் கையில் வைத்தபடி உட்கார்ந்தவாக்கில் போய்ச் சேர்ந்தாள். பெட்டி தூக்க நாலு பேர் வேண்டும். ஆண்கள் எல்லாம் பந்தல்குடிப் பக்கம் வேலைக்குப் போயிருந்ததால் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, காளீஸ்வரனின் ஆட்டோவிலிருந்து அந்த மூன்று பேரும் இறங்கினார்கள். மூன்று முனையை அவர்கள் தூக்கினார்கள். நாலாவது முனையை யாரும் பிடிக்கவில்லை. வேலியோரம் பால்ச்சாமிக்குப் பக்கத்தில் இறக்குகிற வரை பெட்டி சாயவும் இல்லை. ஊர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தது.

தராசு இப்போது தங்கத்தாயிடம் இருக்கிறது. மாசி பிறந்து பருத்தி வெடித்தால் மூன்று பேரும் வருகிறார்கள், சேர்ந்தேதான் ஏறுகிறார்கள். தங்கத்தாய் கம்பத்தில் அறுபத்து மூன்று என்று ஒரு தரம் எழுதிவிட்டு, தள்ளி நிற்கிற பெண்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை, அடுத்த ஆளு ஏறுங்க" என்கிறாள்.