சோலோவுக்கு எழுந்து போகிறவர்கள்

டிரம் சோலோ வேண்டுமா வேண்டாமா என்று ரசிகர்களிடம் ஓட்டெடுப்பு வைத்தவன் மாறன். எங்கள் 'கோரை' பேண்டின் பாடகன். தஞ்சாவூர் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். டிரம்மர் நான், செம்மொழி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், உன் தொண்டைக்கும் சேர்த்து ஓட்டெடுப்பு வை என்று சொல்லியிருப்பேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்டார்கள். வேண்டும் என்றவர்கள் நூற்றுப் பதினெட்டு. அதிலும் ஒருவன், "சோலோவ எடுத்துட்டா நாங்க எப்ப ஒண்ணுக்குப் போறது?" என்று எழுதியிருந்தான். அவன் போட்டதும் எனக்கு விழுந்த ஓட்டுதான், என்ன செய்வது. கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்றால் அதில் கணக்கு உண்டு, கோர்வை உண்டு, இதில் தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம்தான் உண்டு என்று நாலு பத்தி எழுதினார். கணக்கு இருக்கிற தனிக்கும் இந்த ஊரில் பாதிப் பேர் எழுந்து காபிக்குத்தானே போகிறீர்கள் ஐயா? நாகூரிலிருந்து ஷமீரா என்று ஒரு பெண் மட்டும், "பாட்டு யூடியூப்லயே கிடைக்குது. நான் பஸ் ஏறி வர்றதே சோலோவுக்குத்தான்" என்று எழுதினாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

இதெல்லாம் எனக்குப் பழகியதுதான். பழகாத ஒன்று ராத்திரி ஒன்பதரைக்கு வந்தது. 'டெல்டா ராக்கர்' என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவன் எழுதினான்: "செம்மொழி அக்கா அடிக்கிறது பக்கா சாவு அடி." பக்கத்தில் மூன்று நெருப்புப் படம். அதற்குக் கீழே மாறன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகத்தைப் போட்டிருந்தான்.

சாவு அடி என்றால் பிணத்துக்கு முன்னால் போகிற பறையின் அடி. என் அப்பா அரசப்பன் இருபத்து மூன்று வயது வரை அதை அடித்தவர். ஆசைப்பட்டு அடிக்கவில்லை, எங்கள் தெருவில் பிறந்ததால் அடித்தார். ஒருநாள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து, இனி எந்தச் சாவுக்கும் வர மாட்டோம் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வருடம் சம்பா அறுவடைக்கு எங்கள் தெருவை எவனும் கூப்பிடவில்லை. வயல் முழுக்கக் கதிர் சாய்ந்து கிடக்க, வயிற்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். அப்படியும் அடிக்கவில்லை. இன்று அப்பாவுக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. வீட்டுக்குள் தோல் கட்டிய எதுவும் இல்லை.

நான் டிரம் செட் வாங்கி வந்த அன்று அப்பா கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்து, "தோலா?" என்று மட்டும் கேட்டார். "இல்லப்பா, பிளாஸ்டிக்" என்றேன். அதன்பிறகு ஏழு வருடம் நான் அடித்த ஒரு நிகழ்ச்சிக்கும் அவர் வந்ததில்லை. ஏழு வருடமும் கெஞ்சியிருக்கிறேன். இந்தத் தடவைதான், "ஒரே ஒரு ஏழு நிமிஷம் வந்து கேளுங்கப்பா, இது வேற" என்று சொன்னதற்கு, சரி வர்றேன் என்று தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து இந்த ஓட்டெடுப்பு.

மறுநாள் ஒத்திகைக்குப் போனதும் மாறனைப் பிடித்தேன்.

"அந்தச் சிரிப்ப எடு."

"எந்தச் சிரிப்பு?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. போனைக் காட்டினேன். "ஐயோ, அவன் பாராட்டித்தான் போட்ருக்கான் செம்மொழி. செம குத்துன்னு சொல்றான். ஃபேன்னா ஆயிரம் அபிப்ராயம் இருக்கும், அதுக்கெல்லாம் கோவிச்சுக்குவாங்களா?"

"அவன் அபிப்ராயம் இருக்கட்டும். நீ ஏன் சிரிச்ச?"

சிரித்த முகத்தை அழித்தான். சோலோவை இரண்டு நிமிடமாகக் குறைக்கலாமா என்றான். எங்கப்பா வர்றாரு, ஒரு வினாடிகூடக் குறைக்க மாட்டேன் என்றேன். கிடார் வாசிக்கிற ஃபாஜில், "ஏழும் இருக்கட்டும் மாறா, விடு" என்றான். "இருக்கட்டும். ஜனம் எழுந்து போனா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாறன் தொண்டையைச் சரிசெய்யப் போய்விட்டான்.

அறுவடை முடிந்த மாசி மாதம். ஒரு கல்லூரி மைதானத்தில் மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். அப்பா வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். நாலு பாட்டு முடிந்ததும் மாறன் மைக்கைப் பிடித்தான்.

"இப்ப நம்ம செம்மொழி டிரம் சோலோ. டீ, பஜ்ஜி எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. போயிட்டு சீக்கிரம் வந்துருங்க."

சொல்லிவிட்டு அவனே இறங்கிப் போனான். கச்சேரியில் ஜனங்கள்தான் எழுந்து போவார்கள், பாடகர் உட்கார்ந்து தாளமாவது போடுவார். இங்கே பாடகனே முதல் ஆளாக டீக்குப் போகிறான். பின்னாலேயே மைதானத்தில் பாதி எழுந்து போனது. அப்பா எழுந்திருக்கவில்லை. எனக்கு அது போதும்.

முதல் இரண்டு நிமிடம் ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் மட்டும், மெதுவாக, அப்பா ஒருவருக்காக வாசித்தேன். பிறகு பெரிய டிரம்களுக்கு வந்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பகுதி வரும். எங்கள் வயல் போர்செட்டில் தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் இன்ஜின் ஒன்று உண்டு. கிளம்பும்போது நாலு தடவை திக்கி, ஐந்தாவதில் பிடித்துக்கொண்டு ஓடும். அந்தத் திக்கலை வைத்து எட்டு மாதம் உட்கார்ந்து கட்டியது. அதை அடிக்க ஆரம்பித்ததும் மேடைக்கு முன்னால் ஒரு விசில் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு பையன்கள். ஒருவன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நாக்கைத் துருத்தி ஆடினான். இன்னொருவன் கையில் இல்லாத பூவைப் பிய்த்து வழியெல்லாம் எறிந்தான். பஜ்ஜிக்குப் போனவர்கள் காகிதத் தட்டோடு ஓடி வந்தார்கள். நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. மொத்த மைதானமும் ஆடியது. மாறன் படியேறி வந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வினாடி எனக்கு இனித்தது. ஏழு வருடமாக என் சோலோவுக்கு எழுந்து போனவர்கள் எனக்காகத் திரும்பி ஓடி வருகிறார்கள். கை தானாக வேகம் எடுத்தது. அவர்கள் கேட்டதை அடித்தது. அந்தப் பத்து வினாடிக்காக என் மேலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அப்போது ஒரு பையன் விறைத்துப் படுத்தான். நாலு பேர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "சாவு அடி, சாவு அடி" என்று எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்கு மேலே கடைசி வரிசையைப் பார்த்தேன். அத்தனை பேர் உள்ளே வந்துகொண்டிருக்க, ஒரே ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். குச்சிகள் கையோடு இருக்க, மேடையின் பின்பக்கமாக இறங்கி ஓடினேன். டிக்கெட் மேஜையைத் தாண்டித்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"நீங்களும் எழுந்து போறீங்களாப்பா?" கோபமாகத்தான் கேட்டேன்.

"மொத ரெண்டு நிமிசம் நல்லா இருந்துச்சும்மா. அது என்னன்னே எனக்குத் தெரியல. நான் கேட்டதே இல்ல அது மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரிஞ்சதா ஆயிருச்சு."

"அது நம்ம இன்ஜின் சத்தம்பா. நான் கட்டுனது."

"நீ இன்ஜினத்தான் அடிச்ச. அவங்க எதுக்கு ஆடுனாங்கன்னு பாத்தியா?" அப்பா மைதானத்தைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "என்னையும் யாரும் நல்லா அடிக்கலன்னு சொன்னதில்ல. இதே மாதிரி விசிலடிச்சுத்தான் ஆடுனாங்க. ஆடி முடிச்சப்பறம் எனக்குத் தண்ணிய மட்டும் கொட்டாங்கச்சியில ஊத்துனாங்க."

எனக்கு அழுகை வரவில்லை, எல்லாம் ஆத்திரமாகத்தான் வந்தது. பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மாறன். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க போற நீ? இப்படி ஒரு கூட்டத்த நாம பாத்ததே இல்ல. இனிமே ஏழு என்ன, பத்து நிமிஷம் எடுத்துக்க. சாவு சோலோன்னே பேர் வச்சிரலாம்." அப்பாவை அப்போதுதான் பார்த்தான். "வணக்கங்கய்யா, உங்க பொண்ணு பின்னிட்டா."

உள்ளே இரண்டாயிரம் பேர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் வா செம்மொழி. ஜனம் சாவு அடி கேக்குது."

"யாரு செத்துட்டாங்கன்னு கேட்டுட்டு வா" என்றேன்.