மூன்றாம் மாடிக் கதவு

மருத்துவமனை ஊழியர் குடியிருப்பின் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. வீட்டு மனிதர் வந்து நின்றால் தாமே திறக்கும், மற்றவர் மணியடித்துக் காத்திருக்க வேண்டும். கட்டியவர்கள் செலவை மிச்சம் பிடித்தார்கள் என்பதற்கு மேல் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு மாலை, மூன்றாம் மாடி எக்ஸ்ரேக்காரியின் கணவனுக்குக் கதவு திறக்கவில்லை. கையில் காலிஃப்ளவரோடு வெகுநேரம் நின்றான். வேறொரு வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்கத் தொடங்கியிருந்தது, அது மனைவிக்கே அப்போது தெரியாது. பிறகு தெரிந்தது, விவாகரத்து ஆனது, அவன் போனான்.

கூடவே இருந்த அவன் தங்கை, துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்ப்பவள், தானும் பெட்டி கட்டினாள். அண்ணனே இல்லை என்றான பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே இருப்பது என்றாள். தெருவரை போனவள், மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பி வந்தாள். கதவு விரியத் திறந்தது. உள்ளே அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இறக்கினாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வருடங்கள் ஓடின. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில் அண்ணியும் நாத்தனாரும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் மற்றவள் தூங்கமாட்டாள். எக்ஸ்ரேக்காரியின் மகள் இருவரிடமும் சமமாகத் திட்டு வாங்கி வளர்ந்தாள். அவளைப் பார்க்க அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அவனுக்குக் கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைவான். பாவம், அதற்காகவே கொஞ்சம் இளைத்தான்.

பிறகு நிர்வாகம் ஒரு விதி போட்டது: குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், மற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதிகாரி விசாரிக்க வருவதாக இருந்த அன்று, காலையிலிருந்தே அந்த வீட்டில் மின்விசிறிச் சண்டை இல்லை. அவர் வந்து மணியடித்தார், உட்கார்ந்தார். தேநீர் கொண்டுவந்து வைத்தவளைக் காட்டிக் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

நாத்தனார் என்று சொல்ல முடியாது, அந்த உறவைக் கோர்ட்டு வெட்டிவிட்டிருந்தது. தோழி என்றால் போதாது போலிருந்தது.

"வேணும் சார்," என்றாள் எக்ஸ்ரேக்காரி.

"அதான், என்ன வேணும்னு கேட்டேன்."

"அதான் சொன்னேன் சார். வேணும்."

அதிகாரி தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் வீட்டிலேயே அவர் மணியடித்துத்தான் உள்ளே போவார் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு.

"வேணும்னா இருக்கட்டும்," என்று எழுந்தார்.

நாத்தனார் கீழேவரை போய் அவரை வழியனுப்பினாள். அவள் படியேறி முடிக்கும் முன்பே கதவு திறந்து காத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக மின்விசிறியைக் குறைத்தாள்.