நூலின் பெயர் தேவை

எங்கள் ஆங்கில அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்பவை சீட்டுகள். நாடெங்கும் இருக்கிற வாசகர்கள், படிக்கும்போது கண்ணில் படும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, நூலின் பெயரும் பக்க எண்ணும் போட்டு அனுப்புவார்கள். அவற்றை மேசையில் பரப்பி இனம் இனமாகப் பிரித்தால் போதும். பொருள் தானே துலங்கிவிடும்.

1961 இலையுதிர் காலத்தில் விளக்கம் எழுத எனக்கு வந்த சொல் ‘ஹர்ட்’, அதாவது காயம், நோவு. கத்தியோ குண்டோ பட்டால் ‘வூண்ட்’. வக்கீல் எழுதினால் ‘இஞ்சுரி’. ‘ஹர்ட்’ வீட்டுச் சொல். முழங்கால் சிராய்த்த குழந்தைக்கும் அதுதான், மனம் நொந்தவருக்கும் அதுதான். ஆதியில் அதற்கு, ஆட்டுக்கடா முட்டுவதுபோல மோதுவது என்று பொருள்.

இருநூறு சீட்டுகளில் பதினொன்று, விட்பி ஊரிலிருந்து மிஸஸ் ஆஸ்க்வித் அனுப்பியவை. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாகப் பக்க எண் தவறாதவர். இந்தப் பதினொன்றிலும் பக்க எண் மட்டுமல்ல, நூலின் பெயரே இல்லை.

‘நீளக்கைச் சட்டை போட்டால் ஹர்ட் வெளியே தெரியாது.’

‘படியில் விழுந்தேன் என்றால், ஹர்ட்டைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.’

“ஆஸ்க்வித்தம்மாவே பக்க எண்ணை விட்டுட்டாங்களா? அப்ப உலகம் அழியப்போகுதுடி!” என்று சிரித்தாள் எதிர் மேசை டார்கஸ். “எந்த நாவலாம்?”

“தெரியல. யாரோ நல்லா எழுதுறவங்க.”

“கேட்டு அனுப்பு. ஆதாரம் இல்லாட்டி குப்பைத்தொட்டிதான், தெரியுமில்ல?”

படிவத்தில் ‘நூலின் பெயர் தேவை’ என்று எழுதி, சீட்டுகளையும் சேர்த்து அன்றே தபாலில் போட்டேன்.

மூன்றாம் நாள் விளக்கம் எழுத உட்கார்ந்தபோது, நான் நகலெடுத்து வைத்திருந்த வாக்கியங்களை வரிசையாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே சமையலறை. ஒரே மாடிப்படி.

“டார்கஸ், இது நாவல் இல்லடி. அவங்க வீடு.”

அவள் சிரிக்கவில்லை. “அந்த வீட்டுல தபாலை யாரு பிரிப்பாங்க?”

அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

கதவைத் திறந்தவர் மிஸஸ் ஆஸ்க்வித்தின் கணவர். டை கட்டியிருந்தார், மிகவும் மரியாதையாகப் பேசினார். நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய் எங்கள் உறையோடு வந்தார். அது பிரிக்கப்பட்டிருந்தது.

“உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டா, மிஸ். வீட்டுல இருக்குற எல்லாப் புத்தகத்தையும் புரட்டிப் பாத்தேன். இந்த வரிங்க எதுலயும் இல்ல.”

“அவங்களைப் பாக்கலாமா?”

“தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. இனிமே உங்களுக்கு எழுத மாட்டா.”

அவருக்குப் பின்னால், மாடிப்படியில் ஒரு காலடி இறங்கியது. நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிக் கட்டை முனகியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“மிஸஸ் ஆஸ்க்வித்!” என்று கத்தினேன். “ஆதாரம் கேட்டது என் தப்புங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சு. இறங்கி வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்!”

“பழைய வீடு, மிஸ்,” என்றார் அவர். “மரம் சத்தம் போடும்.”

நான் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு அந்தக் காலடிகள், இறங்கியதைவிட மெதுவாக, மேலே ஏறிப் போயின.